பதில் சொல்லாத உத்தியோகம்

‘இது என்ன பூச்சி சார்?’ என்று யாராவது உள்ளங்கையை நீட்டினால் பெயரைச் சொல்லிவிடக் கூடாது. ‘எங்கே பிடிச்சீங்க? இலை மேலேயா, தூர்லயா? அங்கே என்ன பண்ணிக்கிட்டிருந்துச்சு? கூட வேற எதுவும் இருந்துச்சா?’ என்று திருப்பிக் கேட்க வேண்டும். உழவர் வயல்வெளிப் பள்ளி நடத்துவதற்கு எங்களுக்குக் கொடுத்த பயிற்சியில் முதலில் சொன்னது இதைத்தான்; கைவர ரொம்ப நாள் பிடித்ததும் இதுதான். வெண்ணாற்றுப் பாசனத்தில் ஊர் ஊராகச் சைக்கிளிலும், பிறகு டிவிஎஸ் ஐம்பதிலும் திரிந்த களப்பணியாளன் நான். பூச்சியின் பெயர், மருந்தின் பெயர், ஏக்கருக்கு எத்தனை மில்லி, எத்தனை டேங்க் என்ற நாலும் எங்கள் வாயில் எப்போதும் தயாராக இருக்கும். கேட்டவுடன் எடுத்துவிடுகிறவனுக்குத்தான் ஊரில் மரியாதை. ஆனால் பெயரைச் சொன்ன அடுத்த நிமிடம் ‘என்ன மருந்து அடிக்கலாம்?’ என்ற கேள்வி வரும், அதோடு பேச்சு முடிந்துபோகும். பூச்சியை மறுபடி யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்தப் பள்ளி பிறந்த இடம் இந்தோனேசியா. புதிய நெல் ரகங்களோடு பூச்சிமருந்தையும் பெரும் மானியத்தில் அரசே தள்ளிவிட்ட நாடு அது. எழுபதுகளில் ஒருமுறை, எண்பதுகளின் நடுவில் இன்னொரு முறை, புகையான் என்ற தத்துப்பூச்சி விழுந்து ஜாவாவின் வயல்கள் கருகின. மருந்து அடிக்க அடிக்கப் புகையான் குறையவில்லை, கூடியது. காரணத்தைப் பிலிப்பைன்ஸ் நெல்வயல்களில் ஆராய்ந்து சொன்னவர்களில் முக்கியமானவர் பீட்டர் கென்மோர். புகையான் முட்டையை இலை உறைக்குள் செருகி வைக்கிறது, மருந்து அங்கே போய்ச் சேராது. வெளியே திரிகிற சிலந்தியும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் முதல் அடியிலேயே சாகும். சில நாள் கழித்து முட்டை பொரித்து வரும் குஞ்சுகளைத் தின்ன வயலில் ஆளில்லை. 1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ ஒரே ஆணையில் 57 மருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்று தடுத்தார். மானியமும் படிப்படியாக நின்றது. தடை போட்டால் கடையில் சரக்கு குறையும். எந்த நாள், எதைப் பார்த்து, என்ன முடிவெடுப்பது என்பது அரசாணையில் வராதே. அதற்காகத்தான் 1989-ல் ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் துணையோடு ஜாவாவில் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. தொண்ணூறுகளில் அது வியட்நாம், வங்கதேசம், இலங்கை, இந்தியா என்று பரவி எங்கள் வரப்புக்கும் வந்து சேர்ந்தது.

பள்ளி என்றாலும் கட்டடமில்லை. நடவிலிருந்து அறுப்புவரை வாரம் ஒரு நாள், ஒரே வயல், இருபத்தைந்து முப்பது பேர். வயலில் ஒரு பாதி அவரவர் வழக்கப்படி நடக்கும். மறுபாதி எல்லோரும் கூடிப் பேசி எடுத்த முடிவுப்படி. காலை ஏழு மணிக்குப் பனி உலரும் முன்பு ஐந்தைந்து பேராக இறங்குவார்கள். குழுவுக்குப் பத்துக் குத்து. குனிந்து, தூரை விலக்கி, தண்ணீருக்கு மேலே ஒட்டிக்கொண்டிருப்பதை எல்லாம் எண்ண வேண்டும். கரையேறியதும் சார்ட் பேப்பர். நடுவில் நெற்பயிர், ஒரு பக்கம் தீமை செய்யும் பூச்சி, எதிர்ப்பக்கம் அதைத் தின்னும் பூச்சி, மேலே வெயிலா மேகமா, கீழே தண்ணீர் எவ்வளவு என்று வரைய வேண்டும். அறுபது வயதில் முதன்முதலாகக் கலர் பென்சில் பிடித்தவர்கள் உண்டு. சிலந்திக்கு எத்தனை கால் என்பதில் ஒரு நாள் சண்டையே வந்தது. ஆறு என்ற கட்சியும் எட்டு என்ற கட்சியும் மறுபடி சேற்றில் இறங்கி ஒன்றைப் பிடித்துவந்து எண்ணிப் பார்த்துத்தான் ஓய்ந்தன. பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் ‘என்னய்யா, எல்.கே.ஜி. நடத்துறீங்களா?’ என்று சிரித்துவிட்டுப் போனார். வரைய உட்காருகிறவனுக்குத்தான் காலை எண்ணத் தோன்றும் என்பதை அவரிடம் சொல்ல முடியவில்லை, ஜீப் கிளம்பிவிட்டது.

புகையானுக்குப் பொருளாதாரச் சேதநிலை என்று ஒரு கணக்கு வேளாண் பல்கலைக்கழகக் கையேட்டில் இருக்கிறது. தூருக்கு ஒரு பூச்சி வந்தால் மருந்தைப் பற்றி யோசிக்கலாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சிவரை பொறுக்கலாம். இதை வாசித்துக் காட்டினால் யாரும் தலை நிமிர மாட்டார்கள். ஒரு குத்துப் பயிரை வாளியில் நட்டு, பழைய நைலான் சேலையைச் சுற்றிக் கட்டி, உள்ளே புகையானையும் ஒரே ஒரு ஓநாய்ச் சிலந்தியையும் விட்டு வைப்போம். (கொசுவலைக்குப் பணம் ஒதுக்கியிருந்தார்கள். அது வந்துசேர்ந்தபோது அறுப்பு முடிந்திருந்தது.) அந்தச் சிலந்தி நாளைக்கு 5 முதல் 15 இரைவரை தின்னும். மறுநாள் சேலையை அவிழ்த்து எண்ணிப் பார்த்தவருக்கு ‘இரண்டுவரை பொறுக்கலாம்’ என்ற கணக்கு ஏன் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

நான் பார்த்ததில் எல்லாவற்றையும்விடக் கனமான பாடம் இலை வெட்டும் சோதனை. நடவு நட்டு மூன்று வாரம் ஆகும்போது இலைச்சுருட்டுப் புழு வரும். வெள்ளை வெள்ளையாகச் சுரண்டிய இலை வரப்பிலிருந்தே தெரியும், பார்க்கிறவருக்கு வயிறு கலங்கும், உடனே கடைக்கு ஓடுவார். ஆனால் தூர் கட்டும் பருவத்தில் பயிர் இழந்த இலையை ஈடுகட்டிக்கொள்ளும். இதை வாயால் சொல்லி நிறுவ முடியாது. எனவே ஒரு சதுர மீட்டர் அளவுக்குக் குச்சி நட்டுக் கயிறு கட்டி, ஒரு கட்டத்தில் இலைகளில் கால் பங்கைக் கத்தரியால் வெட்ட வேண்டும், இன்னொன்றில் பாதியை வெட்ட வேண்டும், மூன்றாவதைத் தொடக் கூடாது. அறுப்பில் மூன்றையும் தனித்தனியே அடித்து எடை போட வேண்டும்.

கத்தரியைக் கையில் கொடுத்தால் ஒருவரும் வாங்கவில்லை. ‘பச்சைப் பயிரை வெட்டச் சொல்றீங்களே, வீட்ல புள்ளகுட்டி இருக்கு சார்’ என்றார் வயல்காரர். புழு தின்றால் அது விதி, நாமே வெட்டினால் அது பாவம். இந்த நியாயத்துக்கு எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் பதில் கிடையாது. கடைசியில் ஊர்த் தையற்காரர் முன்வந்தார். அவருக்கும் ஒரு மா நிலம் உண்டு. கத்தரி அவர் கைக்குப் பழகியது, வெட்டும்போது அளவும் பிசகவில்லை. வெட்டி முடித்தபின் அந்தக் கட்டம் ஆடு மேய்ந்ததுபோலக் கிடந்தது. பத்துப் பதினைந்து நாள் அந்தப் பக்கமே பார்க்காமல் போனார் வயல்காரர். அதன்பிறகு தினமும் போய்ப் பார்க்க ஆரம்பித்தார், ஏனென்றால் புது இலை வந்து கட்டங்களுக்குள் வித்தியாசம் தேட வேண்டியதாகிவிட்டது.

இதுவரை நடந்தது நாங்கள் கொண்டுபோன சோதனை. இதற்கு அடுத்து நடந்ததுதான் அவர்களுடையது. பயிர் பொதி கட்டும் நேரத்தில், அதுவரை வாயே திறக்காத பெரியவர் ஒருவர் கேட்டார்: ‘தம்பி, சின்னப் பயிர்ல வெட்டினா தழைச்சிருது, சரி. கண்ணாடி இலையை வெட்டினா? அதுக்கப்புறம் இலை ஏது?’ கதிருக்கு அடியில் கடைசியாக வரும் இலை அது. எங்கள் பாடத்திட்டத்தில் அந்தக் கட்டம் இல்லை. புதிதாக நாலாவது கட்டம் கட்டினார்கள், தையற்காரரே வெட்டினார். அறுப்பில் முதல் மூன்றுக்கும் பெரிய வேறுபாடில்லை. நாலாவதைத் தூற்றியபோது பதர் அதிகம், மணி சிறுத்திருந்தது. அங்கேயே களத்தில் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள்: பொதி கட்டும்வரை இலைச்சுருட்டுக்கு அடிப்பதில்லை, கண்ணாடி இலைக்கு வந்தால் கூடிப் பேசுவது. அன்று மாலை கையேட்டைப் புரட்டினேன். வளர்ச்சிப் பருவத்தில் இலைச் சேதம் 10 சதம், பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலைச் சேதம் 5 சதம் என்று இரண்டு அளவுகோல் அச்சாகியிருந்தது. அந்த இரண்டு எண்ணும் ஏன் வேறு வேறாக இருக்கின்றன என்று அதுவரை எங்களை ஒரு விவசாயியும் கேட்டதில்லை. பெரியவர் எண்ணைப் பார்க்காமலே அந்த இடத்துக்கு வந்துசேர்ந்திருந்தார்.

வியட்நாமில் மேகாங் டெல்டாவில் இதே இலைச்சுருட்டை வைத்து வேறொரு வழியில் போனார்கள். பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கே.எல். ஹியாங்கும் அவரோடு சேர்ந்து மோனினா எஸ்கலாடாவும் தொண்ணூறுகளில் செய்த வேலை. விதைத்து 40 நாள்வரை இலைச்சுருட்டுக்கு மருந்து தேவையில்லை என்ற ஒரே சேதியை வானொலியில் சிரிப்பு நாடகமாகப் போட்டார்கள். நம்பச் சொல்லவில்லை, உங்கள் வயலில் ஒரு துண்டை ஒதுக்கிச் சோதித்துப் பாருங்கள் என்றார்கள். அந்தப் பகுதியில் மருந்தடிக்கும் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. வாரா வாரம் பள்ளி நடத்துவதைவிட இது மலிவு. ஆனால் அந்த வழியில், கண்ணாடி இலையைப் பற்றிய கேள்வி கேட்டவர் வீட்டோடு நின்றிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

இனி சங்கடமான விஷயம். பள்ளியில் சேர ஆள் பட்டியல் எழுதும்போது சிட்டா எண் கேட்கும் படிவம் வரும். சிட்டா யார் பேரில் இருக்கிறதோ அவர் வரப்பில் நிற்கிறவர். தூரைத் தொடுகிறவர் களை எடுக்கும் பெண். புகையான் இருப்பதோ தூரில். வரப்பிலிருந்து பார்ப்பவருக்குப் பயிர் வட்டம் வட்டமாகப் பழுத்த பிறகுதான் தெரியும், அப்போது எதுவும் செய்வதற்கில்லை. எங்கள் பள்ளி வயலிலேயே களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, நாங்கள் எண்ணுவதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, ‘அங்க என்னத்த எண்ணுறீங்க? தென்ன மரத்து நெழல்ல போய்ப் பாருங்க. ரெண்டு நாளா மணிக்கட்டுல தூள் தூளா ஏறுது’ என்றார். போய்ப் பார்த்தோம். நிழல், தண்ணீர் தேங்கும் பள்ளம், நாற்று நெருக்கமாக விழுந்த இடம்; புகையான் முதலில் குடியேறும் மூலை அதுதான்.

அவரைப் பட்டியலில் சேர்க்கலாம் என்றேன். வெளிப்படையாக யாரும் மறுக்கவில்லை. ‘கூலி ஆளுக்கு எதுக்கு சார் நோட்டு?’ என்று ஒருவர், ‘அவங்க வேலை கெட்டுடும்’ என்று ஒருவர். உண்மைக் காரணம் நாங்கள் சார்ட் விரிக்கும் இடம். அது ஊர்த்தெருவின் பிள்ளையார் கோயில் அரசமரத்தடி. காலனித் தெருப் பெண்கள் அங்கே வந்து சமமாக உட்கார்ந்து பென்சில் பிடிக்கப் போவதில்லை, பிடிக்க விடப்போவதும் இல்லை. பள்ளியை இரண்டு வயல் தள்ளி ஒரு பம்புசெட் கொட்டகைக்கு மாற்றினோம், நேரத்தையும் களை வேலை விடும் மதியத்துக்கு. பனி ஈரத்தில் பூச்சி மந்தமாக இருக்கும் வசதி போயிற்று, நாலைந்து ஆண்களும் நின்றுபோனார்கள். அந்த அம்மாவோடு நடவு செட்டில் இருந்து ஆறேழு பேர் வந்தார்கள். நிழல் மூலையைச் சார்ட்டில் கறுப்பாகத் தீட்டும் வழக்கம் அவர்களால் வந்தது. பங்கேற்பு, பங்கேற்பு என்று திட்ட அறிக்கையில் பக்கத்துக்குப் பத்து முறை எழுதுகிறவர்கள் இந்தத் தெருக்கணக்கை ஒரு வரியும் எழுதுவதில்லை.

பருவ முடிவில் வாக்குப்பெட்டித் தேர்வு உண்டு. வயலில் குச்சி நட்டு, ஒரு பூச்சியையோ இலையையோ நூலால் கட்டிக் காட்டி, மூன்று விடைக்கு மூன்று டப்பா. சீட்டில் எழுதிப் போடச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை கொடுத்தோம். எழுத்துத் தெரியாதவர்கள் கோட்டைவிட்ட கேள்விகள் குறைவு. அதிகம் சறுக்கியவர்கள் யாரென்று சொல்லி ஊர்ப் பகையைச் சம்பாதிக்க விரும்பவில்லை.

விவசாயி ஒரு முறையை ‘ஏற்றுக்கொண்டார்’ அல்லது ‘ஏற்கவில்லை’. எங்கள் மாதாந்திர அறிக்கையில் இருந்த கட்டங்கள் இவை இரண்டுதான். நான் முப்பது ஆண்டு பார்த்த உழவர்களில் பெரும்பாலோர் இரண்டிலும் அடங்காதவர்கள். ‘டி’ வடிவத்தில் பறவை தாங்கி வைக்கச் சொன்னோம். கட்டை வாங்காமல் பனை மட்டையைத் தலைகீழாக நட்டார்கள், கரிச்சான் அதில்தான் அதிகம் உட்கார்ந்தது. எட்டடிக்கு ஓரடி இடைவெளியாகப் பட்டம் விடச் சொன்னால், அந்த இடம் வீணாகிறதே என்று காற்றடிக்கும் வாக்குப் பார்த்துப் பாதி வயலுக்கு மட்டும் விட்டார் ஒருவர். வரப்பில் சாமந்தி வை என்றோம், உளுந்து வைத்தார்கள், குழம்புக்கு ஆகுமே. எலிக்குப் போடும் தஞ்சாவூர் கிட்டி இருக்கிறதே, மூங்கிலையும் கயிற்றையும் வைத்துச் செய்வது, அதை எந்த ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்துக் கொடுத்தது?

பெரிய உதாரணம் ஒற்றை நாற்று நடவு. மடகாஸ்கரில் எண்பதுகளில் ஹென்றி தெ லொலானி என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அங்குள்ள உழவர்களோடு வயலில் இருந்து உருவாக்கிய முறை. 2003-04-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் காவிரி, தாமிரபரணிப் பாசனங்களில் விவசாயிகளின் வயல்களிலேயே அதைச் சோதித்தது. தாமிரபரணியில் ஹெக்டேருக்குச் சராசரி 7 டன்னுக்கு மேல், பக்கத்தில் வழக்கமான நடவில் ஐந்தரை டன்னைச் சற்றே தாண்டியது. ஏக்கருக்கு ஒரு சென்ட் நாற்றங்கால், 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, 22.5 சென்டிமீட்டர் சதுரம், கோனோவீடரால் நெடுக்கும் குறுக்கும் களை உருட்டல். இது எங்கள் பகுதிக்கு வந்தபோது என்ன ஆயிற்று? சம்பாவில் ஐப்பசி அடைமழையில் 14 நாள் நாற்று மூழ்கும், எனவே பதினெட்டு இருபது நாள் நாற்றாக்கினார்கள். நண்டு வெட்டும் வயலில் ஒன்றுக்குப் பதில் இரண்டு வைத்தார்கள். நடவு செட்டுப் பெண்கள் சதுரக் கயிற்றுக்கு ஒப்பவில்லை, ‘ஒரு பக்கம் வரிசை பிடிக்கிறோம், இன்னொரு பக்கத்துக்குக் கூலி தனி’ என்றார்கள், அதுவும் நியாயம். எங்கள் களிமண்ணில் கோனோவீடர் சிக்கி நின்றது, ஒரு வழிமட்டும் உருட்டினார்கள்.

இப்போது சொல்லுங்கள், இரண்டு நாற்றை இருபதாம் நாளில் ஒரு வழி வரிசையில் நட்டவர் எந்தக் கட்டம்? கறாரான மேற்பார்வையாளர் இருந்தால் ‘ஏற்கவில்லை’. இலக்கு முடிக்க வேண்டிய மார்ச் மாதமாக இருந்தால் ‘ஏற்றுக்கொண்டார்’. இரண்டில் எதில் டிக் போட்டாலும் அவர் தன் மண்ணுக்கும் மழைக்கும் ஏற்றபடி செய்தது காணாமல் போய்விடும். அடுத்த ஊரில் அதே களிமண்ணை வைத்துக்கொண்டிருப்பவருக்கு வேண்டிய தகவலோ அந்த மாற்றம்தான். என் நோட்டில் பென்சிலால் ‘மாற்றினார்’ என்று மூன்றாவது கட்டம் ஒன்று போட்டுக்கொண்டேன். அலுவலகத்தில் அதை யாரும் கேட்கவில்லை, தடுக்கவும் இல்லை.

வயல்வெளிப் பள்ளிக்கு எதிரான வாதமும் வலுவானதே. 2004-ல் உலக வங்கியைச் சேர்ந்த பொருளாதார அறிஞர்கள் ஃபெடர், முர்காய், குவிஸோன் மூவரும் இந்தோனேசியத் தரவை ஆராய்ந்து, பள்ளிக்குப் போனவர்களின் விளைச்சலிலும் மருந்துச் செலவிலும் சொல்லும்படியான மாற்றமில்லை, பக்கத்து விவசாயிகளுக்கும் அது பரவவில்லை என்று எழுதினார்கள். வேறு ஆய்வுகள் வேறுவிதமாகச் சொல்லின, சண்டை நெடுநாள் நடந்தது. முதல் பாதியை என் ஊர்க் கணக்கை வைத்து நான் மறுப்பேன். பரவவில்லை என்பதை மறுக்க மாட்டேன். ‘சிலந்தி நல்லது’ என்ற சேதி வரப்பைத் தாண்டும். கத்தரியோடு நின்ற அந்த நாள் தாண்டாது. எட்டு ஊருக்கு ஒரு பள்ளி, ஒரு பருவத்தோடு பணம் நிறுத்தம் என்றால் எப்படிப் பரவும்? ஜாவாவில் படித்து முடித்த விவசாயிகளே அடுத்த பள்ளியை நடத்தினார்கள். இங்கே பயிற்றுநர் படியை விவசாயிக்குக் கொடுக்கத் தணிக்கையில் இடமில்லை என்று திருப்பிவிட்டார்கள்.

நான் ஓய்வு பெற்ற பிறகும் பம்புசெட் கொட்டகைக் குழுவில் பாதிப்பேர் தொடர்பில் இருக்கிறார்கள். அவர்களுடைய கேள்விகள் மாறிவிட்டன. நடவு ஆள் கிடைக்கவில்லை, நேரடி விதைப்பும் மெஷின் நடவும் வந்துவிட்டன, களைதான் பெரும்பாடு. இந்தச் சம்பாவில் ட்ரோன். கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் கலந்து அடித்த இடத்தில் 10 லிட்டரோடு சில நிமிடத்தில் முடித்துவிட்டுப் போகிறது. மேலிருந்து விழும் மருந்து தூருக்கு இறங்குமா, இறங்காவிட்டால் புகையான் தப்பி மேலே வலை கட்டும் சிலந்தி மட்டும் சாகுமா என்று தையற்காரர் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். கேட்டதோடு ஏற்பாடும் செய்துவிட்டார்கள்: ஒரு ஏக்கரை மூன்றாக்கி, ஒரு மா ட்ரோன், ஒரு மா கைத்தெளிப்பான், ஒரு மா ஒன்றுமில்லை. அடிக்கும் முன்பும் பின்பும் பத்துப் பத்துக் குத்து எண்ண வேண்டியது களை எடுத்த அம்மாவின் மகள். அவர் இப்போது குழுவின் கணக்கையும் வைத்திருக்கிறார். ஒன்றும் அடிக்காத துண்டில் நஷ்டம் வந்தால் மூட்டைக் கணக்குப் பார்த்து எல்லோரும் பகிர்ந்துகொள்வதாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். என் காலத்துத் திட்டம் எதிலும் அப்படி ஒரு தாள் இருந்ததில்லை. ட்ரோன்காரத் தம்பி மட்டும், ரெண்டு மாவை விட்டுப் பறந்தாலும் முழு ஏக்கர் வாடகைதான் வாங்குவேன் என்று நிற்கிறார். பேசிக்கொண்டிருக்கிறார்கள்.